வல்லாரை: பதற்றத்துக்கு ஒரு வீட்டுக் கைமருந்து

கோயில் திருவிழாவில் வெடி கொளுத்தினால் அம்மாவுக்கு இன்றும் கை நடுங்கும். 2009க்குப் பிறகு இத்தனை வருடங்கள் கடந்தும் அது மாறவில்லை. அப்படியான நாட்களில் கிணற்றடியில் வல்லாரை பிடுங்கி அவித்துக் குடிப்பார். அது உண்மையில் உதவுமா என்று தேடியதில் அறிந்தவற்றை இங்கே தருகிறேன்.

செடி

ஈரமான இடத்தில் தரையோடு படரும் கொடி. இலை சிறுநீரக வடிவில் இருக்கும். சிங்களத்தில் கொட்டுகொல, தாவரவியல் பெயர் சென்டெல்லா ஆசியாட்டிக்கா. நீர்ப்பிரமி வேறு செடி. கழிவுநீர் ஓடும் வாய்க்காலில் முளைத்ததைப் பிடுங்க வேண்டாம். எங்கே பிடுங்கினாலும் உப்புத் தண்ணீரில் நன்றாகக் கழுவுங்கள்.

பயன்படுத்தும் விதம்

தேநீர்: ஒரு கைப்பிடி இலையை ஒன்றரைக் கோப்பைத் தண்ணீரில், தட்டிய இஞ்சியோடு ஐந்து நிமிடம் அவித்து வடியுங்கள். பனங்கட்டி கடித்துக் குடிக்கலாம்.

சம்பல்: பொடியாக அரிந்த இலையோடு தேங்காய்ப்பூ, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், உப்பு சேர்த்துத் தேசிக்காய்ப்புளி விடுங்கள்.

இலைக்கஞ்சி: சிவப்புப் பச்சையரிசியை உள்ளியோடு குழைய அவித்துத் தேங்காய்ப்பால் விட்டு, இறக்கும் நேரத்தில் இலைச்சாற்றைச் சேருங்கள்.

ஆய்வு சொல்வது

2000இல் வெளியான சிறிய ஆய்வொன்றில் ஆரோக்கியமான 40 பேர் பங்கெடுத்தார்கள். 12 கிராம் வல்லாரை எடுத்தவர்கள் அடுத்த ஒரு மணித்தியாலத்துக்குள் திடீர்ச் சத்தத்துக்குத் திடுக்கிடுவது குறைந்திருந்தது. மனநிலையில் குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. அவர்கள் யுத்தத்தைக் கடந்து வந்தவர்களும் அல்லர். எனவே இதை மனவடுவுக்கான சிகிச்சையாகக் கொள்ள முடியாது.

கவனம்

வல்லாரையைத் தொடர்ந்து மருந்தாக எடுத்த மூன்று பெண்களுக்கு ஈரல் பாதிப்பு ஏற்பட்டதாக 2005இல் மருத்துவ இதழொன்றில் பதிவானது. நிறுத்திய பின் குணமடைந்தார்கள். சாப்பாட்டில் அளவோடு சேர்ப்பது வேறு, மாதக்கணக்கில் சாறாகவோ குளிசையாகவோ எடுப்பது வேறு. கர்ப்பிணிகள், ஈரல் நோயுள்ளவர்கள், நித்திரைக் குளிசை எடுப்பவர்கள் வைத்தியரிடம் கேட்காமல் மருந்தாக எடுக்கக் கூடாது.

இதை எழுதக் காரணம் இருக்கிறது. வல்லாரையே போதும் என்று நினைத்து, வைத்தியசாலைக் குளிசைகளை அம்மா ஒருமுறை தானாகவே நிறுத்திவிட்டார். சில நாட்களில் நித்திரை முற்றாகப் போனது. பழைய கனவுகள் திரும்பின. மீண்டும் கிளினிக்குக்குப் போன பிறகுதான் தேறினார். இப்போது குளிசையும் தொடர்கிறது, வைத்தியருக்குச் சொல்லிவிட்டு இடைக்கிடை தேநீரும் குடிக்கிறார்.

நித்திரையின்மை, திடுக்கிடல், உயிரை விடும் எண்ணம் இருந்தால் அருகிலுள்ள அரச வைத்தியசாலையின் உளநலப் பிரிவுக்குப் போங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் உதவி இலக்கம் 1926. இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.