தோல் பதனிடுதலில் மாதிரி எடுக்கும் இடைவெளி

மாதிரி எடுக்கும் இடைவெளி என்பது உற்பத்தியாகும் பொருள்களுள் எத்தனைக்கு ஒன்றைச் சோதிப்பது என்று குறிக்கும் தரக் கட்டுப்பாட்டு அளவு ஆகும். பாலாற்றுப் பகுதியில் உள்ள வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களின் தோல் தொழிலில் இது ஏற்றுமதியோடு நேரடித் தொடர்பு உடையது.

தொகுதி

குரோமியம் கொண்டு பதனிடும்போது தோல்கள் பெரிய டிரம்களில் இட்டுச் சுழற்றப்படுகின்றன. ஒரு டிரம்மில் உள்ள தோல்கள் அனைத்தும் ஒரே வேதிப்பொருளையும் ஒரே நேரத்தையும் பெறுவதால், ஒரு டிரம் ஒரு தொகுதியாகக் கொள்ளப்படுகிறது. எனவே ஒரே டிரம்மில் பத்துத் தோல்களைச் சோதிப்பதைவிட, பத்து டிரம்களில் ஒவ்வொன்றைச் சோதிப்பது பொதுவாகக் கூடுதல் தகவல் தரும். ஒரே தோலிலும் முதுகுப் பகுதியும் வயிற்றுப் பகுதியும் வேறுபடும். ஆதலால் மாதிரியை எவ்விடத்தில் வெட்ட வேண்டும் என்பதை ஐ.எஸ்.ஓ. 2418 தரம் வரையறுக்கிறது.

சோதனையின் தன்மை

பதனிடுதல் முடிந்ததா என்று அறிய, தோல் துண்டு ஒன்று கொதிநீரில் இடப்படுகிறது. அது சுருங்கினால் பதனிடுதல் போதாது. சில நிமிடங்களில் முடியும் இச்சோதனையை ஒவ்வொரு டிரம்முக்கும் செய்யலாம். மாறாக, குரோமியம்(6) அளவை ஆய்வகத்தில்தான் அறிய முடியும், மாதிரியும் அழிகிறது. எனவே இதற்கு இடைவெளி தேவைப்படுகிறது. தோலுடன் தொடர்பு கொள்ளும் தோற்பொருள்களில் இதன் அளவு கிலோகிராமுக்கு 3 மில்லிகிராமை எட்டக் கூடாது என்ற ஐரோப்பிய ஒன்றிய விதி 2015 மே 1 முதல் நடைமுறையில் உள்ளது.

இடைவெளியைக் கணித்தல்

எடுத்துக்காட்டாக, டிரம்களில் 5% குறையுள்ளவை எனக் கொள்வோம். 20 டிரம்களைச் சோதித்தும் ஒரு குறைகூட அகப்படாமல் போகும் வாய்ப்பு 0.95-இன் 20ஆம் அடுக்கு, அதாவது சுமார் 36% ஆகும். இதனை 5%-க்குக் கீழ்க் கொணர ஏறத்தாழ 60 டிரம்களைச் சோதிக்க வேண்டும்.

பத்து டிரம்களுக்கு ஒருமுறை சோதிக்கும்போது குறை தெரிந்தால், முந்தைய சோதனைக்குப் பின் வந்த எல்லா டிரம்களும் ஐயத்திற்கு உரியவை. ஆகவே முடிவு வரும்வரை அனுப்பாமல் நிறுத்தி வைக்கக்கூடிய சரக்கின் அளவே இடைவெளியின் மேல் வரம்பாகும்.

இடைவெளியை மாற்றுதல்

இந்தியத் தரமான ஐ.எஸ். 2500-இன்படி, அடுத்தடுத்த ஐந்து தொகுதிகளுள் இரண்டு நிராகரிக்கப்பட்டால் கடுமையான சோதனைக்கு மாற வேண்டும். பின்னர் தொடர்ந்து ஐந்து தொகுதிகள் தேறினால் இயல்பு நிலைக்குத் திரும்பலாம். வேதிப்பொருளோ கொழுப்பெண்ணெயோ மாற்றப்படும்போதும் இடைவெளியைக் குறைப்பது நல்லது.

வரம்பு

தோலில் உள்ள குரோமியம்(3), வெப்பம், ஒளி, சில கொழுப்பெண்ணெய்கள் ஆகியவற்றால் சேமிப்பின்போதும் குரோமியம்(6) ஆக மாறக்கூடும். எனவே தொழிற்சாலையில் தேறிய தோலையும் சேமிப்புக்குப் பின் மீண்டும் சோதிப்பது பயனுள்ளது.