படிமுறைத் தொகுப்பு

படிமுறைத் தொகுப்பு என்பது, ஒரு நிரலில் திருத்தப்பட்ட பகுதியையும் அத்திருத்தம் எட்டும் பிற பகுதிகளையும் மட்டும் மீண்டும் மொழிமாற்றி, எஞ்சியவற்றுக்கு முந்தைய ஓட்டத்தின் விளைவுகளையே எடுத்தாளும் கம்பைலர் நுட்பமாகும். கோப்பைச் சேமித்த நொடியிலேயே மாற்றத்தை உலாவியில் காண விழையும் வலைத்தள நிரலாளர்களுக்கு இது பெரிதும் பயன்படுகிறது.

எந்தக் கோப்பு எதை இறக்குமதி செய்கிறது என்பதைப் பதிந்துவைக்கும் சார்பு வரைபடமே இம்முறைக்கு அடிப்படை. எடுத்துக்காட்டாக, புதுக்கோட்டை மாவட்டத்துக் கொடும்பாளூரின் மூவர் கோயிலுக்கும் முசுகுந்தேசுவரர் கோயிலுக்கும் தனித்தனிக் கோப்புகளும், கல்வெட்டு ஆண்டுகளைச் சீராக அச்சிடும் பொதுக்கோப்பு ஒன்றும் கொண்ட வலைத்தளத்தைக் கருதலாம். மூவர் கோயில் கோப்பில் ‘விக்ரமகேசரி’ என்பது ‘விக்கிரமகேசரி’ எனத் திருத்தப்பட்டால், அக்கோப்பு மட்டுமே மீண்டும் தொகுக்கப்படும். பொதுக்கோப்பிலுள்ள செயற்கூறு இதுவரை எண்ணாக ஏற்ற ஆண்டை இனி எழுத்துச் சரமாகக் கேட்குமாயின், அதைப் பயன்படுத்தும் இரு கோப்புகளிலும் தரவு வகைச் சரிபார்ப்பு மறுபடி நிகழும். உட்புறக் கணக்கீடு மட்டும் மாறி, ஏற்கும் வகையும் திருப்பித் தரும் வகையும் முன்போலவே இருப்பின், அச்சரிபார்ப்பு பொதுக்கோப்போடு நின்றுவிடும்.

1976இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய ‘மேக்’ கருவி, கோப்புகள் கடைசியாக மாறிய நேரத்தை ஒப்பிட்டு, பழையதாகிவிட்டவற்றை மட்டும் மீண்டும் உருவாக்கியது. நேரத்தை மட்டும் நோக்குவதால், ஒரு கோப்பு மாற்றமின்றிச் சேமிக்கப்பட்டாலும் வேலை மறுபடி நடந்தது. பின்வந்த பல கருவிகள் உள்ளடக்கத்திலிருந்து கணிக்கப்படும் ‘ஹாஷ்’ என்னும் சுருக்கக் குறியீட்டை ஒப்பிட்டு இதைத் தவிர்த்தன. இத்துறையின் கோட்பாட்டுக்கு வலுச் சேர்த்தவர்களுள் ஒருவர், பின்னாளில் பெங்களூரு மைக்ரோசாஃப்ட் ஆய்வகத்தில் பணியாற்றிய கணினி அறிவியலாளர் ஜி. ராமலிங்கம் ஆவார். இவர் தாமஸ் ரெப்ஸுடன் இணைந்து 1993இல் படிமுறைக் கணிப்பு ஆய்வுகளை வகைப்படுத்திய நூலடைவை வெளியிட்டார். ஒரு நெறிமுறையின் செலவை உள்ளீடு முழுவதன் அளவால் கணிக்காமல், உள்ளீட்டிலும் வெளியீட்டிலும் நேர்ந்த மாற்றத்தின் அளவால் கணிக்கும் அணுகுமுறையை 1996இல் வெளிவந்த தம் நூலில் விரித்துரைத்தார்.

வலைத்தளக் கருவிகளில், 2019இல் டைப்ஸ்கிரிப்ட் 3.4 பதிப்பு முந்தைய ஓட்டத்தின் விவரங்களை வட்டில் எழுதிவைக்கும் வசதியைப் பெற்றது. 2020இல் வெப்பேக் 5 பதிப்பும் நிலைத்த சேமிப்பை அளித்தது. இதனால் கணினியை அணைத்து மறுநாள் தொடங்கினாலும் பழைய உழைப்பு வீணாவதில்லை. ‘ஹாட் ரீலோடிங்’ எனப்படும் உத்தியோ, பக்கம் முழுவதையும் மீண்டும் ஏற்றாமல், மாறிய கூறினை மட்டும் உலாவிக்குள் மாற்றிவைக்கிறது.

எவ்வளவு விரைவாக இயங்கினாலும், படிமுறைத் தொகுப்பின் விளைவு முதலிலிருந்து தொகுத்தால் கிடைக்கும் விளைவோடு ஒத்திருக்க வேண்டும். வரைபடத்தில் ஒரு சார்பு விடுபட்டாலும் பழைய விளைவு பிழைச்செய்தி ஏதுமின்றி நிலைத்துவிடக்கூடும். இதன் பொருட்டே, வெளியீட்டுக்கு முன் சேமிப்பை நீக்கி முழுமையாகத் தொகுப்பது பல இடங்களில் வழக்கமாக உள்ளது.