கேரம் போர்டு ஏன் வளைகிறது? சாத்தி வைப்பதில் இருந்து பவுடர் வரை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியவை

லீவு நாள். நண்பர்கள் வந்திருக்கிறார்கள். பீரோவுக்குப் பின்னால் கிடந்த கேரம் போர்டை இழுத்து எடுத்து, தூசி தட்டி, பவுடர் தூவி, காய் அடுக்கி விளையாட உட்காருகிறீர்கள். ரெண்டு அடி அடிச்சதுமே ஏதோ சரியில்லைன்னு தெரிஞ்சிடுது. ஸ்ட்ரைக்கர் பாதி தூரத்தில் சோர்ந்து நிற்கிறது. நேராக அடித்த காய் பாக்கெட்டுக்கு ஒரு விரல்கடை முன்னால் ஒதுங்கிப் போகிறது. போன வருஷம் நல்லாத்தானே இருந்துச்சு, அதுக்கப்புறம் யாரும் தொடவே இல்லையே என்று தோன்றும்.

யாரும் தொடாததுதான் பிரச்சினை. வீட்டில் இருக்கும் கேரம் போர்டு விளையாடித் தேய்வதைவிட, சும்மா சாத்தி வைத்துக் கெட்டுப்போவதுதான் அதிகம். அதுவும் பெரும்பாலும் நாம் திரும்பிக்கூடப் பார்க்காத பின்பக்கத்தில் இருந்துதான் ஆரம்பிக்கும்.

பின்பக்கத்தில் அப்படி என்ன இருக்கிறது?

போர்டைத் திருப்பிப் போட்டுப் பாருங்க. முன்பக்கம் லாக்கர் பூசி கண்ணாடி மாதிரி வழவழன்னு இருக்கும். பின்பக்கம் பல போர்டுகளில் வெறும் மரம்தான். சிலவற்றில் பேருக்கு ஒரு பெயின்ட் இருக்கும்.

பிளைவுட் என்பது மெல்லிய மரத் தாள்களை ஒன்றுக்கொன்று குறுக்காக வைத்து ஒட்டியது. மரம் காற்றில் இருக்கும் ஈரத்தை இழுத்து உப்பும், ஈரம் போனால் சுருங்கும். குறுக்கும் நெடுக்குமாக ஒட்டியிருப்பதால் ஒரு தாள் இன்னொன்றை அசையவிடாமல் பிடித்துக்கொள்ளும். அதனால்தான் சாதாரணப் பலகையைவிட பிளைவுட் கம்மியாக வளைகிறது. ஆனால் கேரம் போர்டில் ஒரு பக்கம் மூடியிருக்கிறது, மறுபக்கம் திறந்திருக்கிறது. மழைக்காலத்து ஈரம் பின்பக்கம் வழியாகத்தான் உள்ளே போகும். பின்பக்கத் தாள் உப்பும், முன்பக்கம் அப்படியே நிற்கும். பொதுவாக போர்டு கிண்ணம் மாதிரி நடுவில் குழியும். ஏசி அறையிலோ, டெல்லிப் பக்கத்து வறண்ட கோடைக்காற்றிலோ இதற்கு நேர்மாறாக நடக்கும். பின்பக்கம் சுருங்கி, நடுப்பகுதி மேடாகும்.

போர்டு எவ்வளவு மெலிசோ அவ்வளவு சீக்கிரம் இது நடக்கும். போட்டி விதிகளின்படி பிளைவுட் குறைந்தது 8 மி.மீ. தடிமன் இருக்க வேண்டும். பொம்மைக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் போர்டுகள் பலவும் இதில் பாதிகூட இருக்காது. அதை எப்படிப் பார்த்துக்கொண்டாலும் ஒரு அளவுக்கு மேல் பலன் இல்லை. இனிமேல்தான் வாங்கப் போகிறீர்கள் என்றால் டிசைனைப் பார்க்காதீங்க, பாக்கெட் துளைக்குள் விரலை விட்டுத் தடிமனைப் பாருங்க.

இருக்கும் போர்டுக்கு என்ன செய்யலாம்? பின்பக்கத்தையும் மூடிவிடலாம். பெயின்ட் கடையில் கிடைக்கும் மர வார்னிஷ் அல்லது பியூ கோட்டிங் ஒரு சின்ன டப்பா போதும். பின்பக்கம் முழுக்க மெல்லிசாக ஒரு கோட், நன்றாகக் காய்ந்த பிறகு இன்னொரு கோட். பலரும் விட்டுவிடும் இடம் பாக்கெட் துளையின் உள்விளிம்பு. அங்கே வெட்டுப்பட்ட மரம் அப்படியே தெரியும். ஈரத்தை உறிஞ்சுவதில் அதுதான் முதல் ஆள். மேல்பக்கம் வழியாமல் இருக்க டேப் ஒட்டிவிட்டு, சின்ன பிரஷ்ஷால் அங்கேயும் பூசுங்க. ஜன்னலைத் திறந்து வைத்து, அடுப்பு பக்கத்தில் இல்லாத இடத்தில் செய்யணும்.

ஒரு நிபந்தனை உண்டு. போர்டு சமமாக இருக்கும்போது, மழை இல்லாத நாட்களில் மட்டும்தான் இதைச் செய்ய வேண்டும். அடைமழை நேரத்தில் பூசினால் ஏற்கெனவே உள்ளே போன ஈரத்தையும் சேர்த்துப் பூட்டி வைத்தது போல ஆகிவிடும்.

எங்கே, எப்படி வைப்பது?

சுவரில் சாய்த்து வைப்பதுதான் எல்லா வீட்டிலும் பழக்கம். சாய்ந்து நிற்கும் போர்டின் நடுப்பகுதி தன் எடையிலேயே கொஞ்சம் கொஞ்சமாகத் தொய்யும். மாசக்கணக்கில் அப்படியே நின்றால் அந்தத் தொய்வு நிரந்தரம். ஒன்று, கட்டிலுக்கு அடியிலோ பீரோ மேலோ தட்டையாகப் படுக்க வையுங்க. மேலே சூட்கேஸ் ஏற்றாதீங்க. இல்லையென்றால் சாய்க்காமல், செங்குத்தாக நிற்கிற மாதிரி பீரோவுக்கும் சுவருக்கும் நடுவில் செருகுங்க.

எந்தச் சுவர் என்பதும் முக்கியம். மழைச்சாரல் அடிக்கும் வெளிச்சுவர், பாத்ரூமை ஒட்டிய சுவர், ரெண்டும் வேண்டாம். தரையில் நேராக வைக்காமல் அடியில் ரெண்டு கட்டைத்துண்டு கொடுத்தால் வீடு துடைக்கும் தண்ணியும் கரையானும் கொஞ்சம் தள்ளியே இருக்கும். வாடகை வீட்டில் இடமில்லை என்று பால்கனியில் வைப்பவர்கள் அந்த போர்டு மேல் பெரிய ஆசை வைக்காமல் இருப்பது நல்லது. மூடி வைக்க பழைய பெட்ஷீட்டே போதும். பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளேயே பிடித்து வைத்துக்கொள்ளும்.

அப்புறம், போர்டு மேல் டீ டம்ளர் வைப்பது, காய்கறி நறுக்குவது, லேப்டாப் டேபிளாக மாற்றுவது. வொர்க் ஃப்ரம் ஹோம் காலத்தில் பல போர்டுகளுக்கு நேர்ந்த கதி இது. லாக்கரில் சூடான டம்ளர் போடும் வெள்ளை வட்டம் லேசில் போகாது.

உங்கள் போர்டு நல்ல நிலையில் இருக்கிறதா? மூன்றரை ஓட்டம் சோதனை

சர்வதேச கேரம் சம்மேளனம் 1988-ல் நம்ம சென்னையில்தான் தொடங்கப்பட்டது. அர்ஜுனா விருது பெற்ற மரிய இருதயம், 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா என்று உலக சாம்பியன்களைக் கொடுத்த ஊரும் இதுதான். சர்வதேச விதிகளில் போர்டின் வழவழப்புக்கு ஓர் எளிய அளவுகோல் இருக்கிறது. 15 கிராம் ஸ்ட்ரைக்கரை பலமாக அடித்தால் அது இந்தச் சட்டத்துக்கும் எதிர்ச் சட்டத்துக்கும் இடையே குறைந்தது மூன்றரை முறை ஓட வேண்டும்.

இதை வீட்டிலேயே செய்து பார்க்கலாம். காய் எதுவும் இல்லாமல், லேசாகப் பவுடர் போட்டு, நேராக ஒரு அடி. மூன்றரை ஓட்டம் வந்தால் கவலை இல்லை. வரவில்லை என்றால் எங்கே தடுமாறுகிறது என்று கவனியுங்க. போர்டு முழுக்க மந்தமாக ஓடினால் மேற்பரப்பில் அழுக்கு. சட்டத்தில் பட்டதும் உயிர் போன மாதிரி திரும்பினால் சட்டத்தின் மூலை இணைப்பு தளர்ந்திருக்கிறது. நேராக அடித்தும் ஓட்டம் வளைந்தால், போர்டோ அதை வைத்திருக்கும் இடமோ சமமாக இல்லை.

கடைசிக் கேள்விக்கு உங்கள் போனிலேயே பதில் இருக்கிறது. லெவல் பார்க்கும் ஆப்பைத் திறந்து, போனை நடுவிலும் நாலு மூலையிலும் வைத்துப் பாருங்க. எல்லா இடத்திலும் ஒரே பக்கம் சாய்வு காட்டினால் ஸ்டூல்தான் கோணல், ஒரு காலுக்கு அட்டை மடித்து வைத்தால் தீர்ந்தது. இடத்துக்கு இடம் மாறினால் போர்டு வளைந்திருக்கிறது. இன்னும் துல்லியமாகப் பார்க்கணும் என்றால், மூலைக்கு மூலை ஒரு நூலை போர்டைத் தொட்டபடி இழுத்துப் பிடியுங்க. நடுவில் நூலுக்கும் பலகைக்கும் இடைவெளி தெரிந்தால் குழிவு. நடுப்பகுதி நூலை மேலே தள்ளினால் மேடு. கட்டில் மெத்தை மேல் வைத்து விளையாடிவிட்டு போர்டைத் திட்டுவது மட்டும் நியாயமே இல்லை.

பவுடர் போடுவதில் நாம் செய்யும் தவறுகள்

கொஞ்சம் ஓட்டம் குறைந்தால் உடனே இன்னொரு கைப்பிடி பவுடர். இதுதான் வழக்கம். உண்மையில் ஓட்டம் குறைவதற்குக் காரணம் பெரும்பாலும் பழைய பவுடர். கையில் இருக்கும் வியர்வை, தூசி, சாப்பிட்ட மிக்சரின் எண்ணெய் எல்லாம் அதோடு சேர்ந்து மேற்பரப்பில் படலமாகப் படிந்துவிடும். அதன் மேல் புதுப் பவுடர் தூவினால் படலம் தடிமனாகும், அவ்வளவுதான்.

விளையாடி முடித்ததும் உலர்ந்த பருத்தித் துணியால் மொத்தப் பவுடரையும் துடைத்து எடுத்துவிடுங்க. சட்டமும் பலகையும் சேரும் இடுக்கில் சேர்வதைப் பழைய பெயின்ட் பிரஷ்ஷால் தள்ளலாம். ஈரத்துணி வேண்டாம். பிசுக்கு ரொம்ப ஒட்டியிருந்தால் மட்டும், பிழிந்து ஈரம் போன துணியால் அந்த இடத்தை ஒருமுறை ஒற்றி, உடனே காய்ந்த துணியால் துடைக்கணும். ஃபர்னிச்சர் பாலிஷ், தேங்காய் எண்ணெய், மெழுகு எதையும் தேய்க்காதீங்க. பளபளப்பு வரும், கூடவே பவுடர் ஒட்டிக்கொள்ளும். கோடுகளின் மேல் உப்புத்தாள் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம்.

முகத்துக்குப் போடும் டால்கம் பவுடரில் வாசனைப் பொருள் கலந்திருக்கும், வியர்வை பட்டால் திரளும். அரிசி மாவு, கோதுமை மாவு நறநறன்னு இருக்கும், பூச்சியையும் கூப்பிடும். கேரம் பவுடர் என்று கடையில் விற்பதில் பெரும்பகுதி போரிக் அமிலம். அதன் அமைப்பு சீட்டுக்கட்டு மாதிரி அடுக்கடுக்காக இருப்பதால் ஒரு அடுக்கு இன்னொன்றின் மேல் சுலபமாக வழுக்கும். ஒரு முழு ஆட்டத்துக்கு ரெண்டு சிட்டிகை போதும். தூவிய பிறகு துணியால் பரப்பணும், மேகம் மாதிரி அங்கங்கே விடக்கூடாது.

போரிக் அமிலத்தைப் பற்றி இன்னொரு விஷயமும் தெரிந்திருக்க வேண்டும். கரப்பான்பூச்சிக்கு உருண்டை பிடித்து வைப்பதும் இதே பொருளைத்தான். இனப்பெருக்க ஆரோக்கியத்தைப் பாதிக்கக்கூடியது என்பதால் ஐரோப்பிய வேதிப்பொருள் முகமை 2010-ல் இதை மிகுந்த கவலைக்குரிய வேதிப்பொருட்களின் பட்டியலில் சேர்த்தது. வீட்டில் பெரியவர்கள் ரெண்டு சிட்டிகை தூவி விளையாடுவதற்குப் பயப்பட வேண்டியதில்லை. ஆனால் தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் பாக்கெட்டைத் திறந்தபடி தரையில் விடுவது ஆபத்து. பவுடரை ஊதிப் பரப்பாதீங்க. விளையாடும்போது நொறுக்குத்தீனி வேண்டாம், முடிந்ததும் கை கழுவுங்க. உப்பு, சர்க்கரை டப்பாக்களோடு சமையலறையில் வைக்கவே கூடாது. குழந்தை வாயில் போட்டுக்கொண்டது தெரிந்தால் நீங்களாக வாந்தி எடுக்க வைக்காமல், பாக்கெட்டையும் எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போங்க. இந்தக் கவலையே வேண்டாம் என்பவர்களுக்கு உருளைக்கிழங்கு மாவுச்சத்துப் பவுடர் இருக்கிறது. ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதைத் துடைக்காமல் எடுத்து வைக்கக் கூடாது.

ஏற்கெனவே வளைந்துவிட்டால்?

லேசான வளைவு என்றால் முயன்று பார்க்கலாம். நடுப்பகுதி மேடாக இருந்தால் போர்டை நிமிர்த்தியபடி சமதரையில் வைத்து, மடித்த துணி போட்டு, நடுவில் கனமான புத்தகங்களையோ அரிசி மூட்டையையோ வையுங்க. குழிந்திருந்தால் கவிழ்த்துப் போட்டு, பின்பக்க நடுவில் எடை வைக்கணும். ஒரே நாளில் நிமிராது. ஒரு வாரம், ரெண்டு வாரம், காற்றோட்டமான அறையில் பொறுமையாக விடணும். சீக்கிரம் காயட்டும் என்று வெயிலில் வைத்தால் ஒரு பக்கம் மட்டும் வேகமாகக் காய்ந்து லாக்கரில் விரிசல் விழும். நிமிர்ந்த பிறகு பின்பக்கத்துக்கு வார்னிஷ் பூசினால்தான் செய்த வேலை நிற்கும். பிளைவுட்டின் தாள்களே பிரிந்து, தட்டினால் பொத்துப் பொத்துன்னு சத்தம் வந்தால் செலவு செய்ய வேண்டாம், வேறு போர்டு பார்க்கலாம்.

சட்டத்தின் மூலை தளர்ந்திருந்தால் ஸ்க்ரூவை இறுக்கிப் பாருங்க. அதற்கும் அடங்கவில்லை என்றால் இடைவெளியில் மரப்பசை விட்டு, கயிற்றால் நாலு பக்கமும் இறுக்கிக் கட்டி ஒருநாள் விடலாம். ஆணி அடித்தால் மரம் பிளக்கும். கிழிந்த பாக்கெட் வலை தனியாகவே கிடைக்கிறது.

காய்களை உலர்ந்த துணியால் துடைத்தாலே போதும், மரக்காய் என்றால் தண்ணீரில் போடாதீங்க. விளிம்பு உடைந்த காயை செட்டில் இருந்து எடுத்துவிடுங்க, அந்த விளிம்புதான் லாக்கரைக் கீறும். ஸ்ட்ரைக்கரையும் அவ்வப்போது விரலால் தடவி விளிம்பைப் பாருங்க. புதுசு வாங்கும்போது 15 கிராமுக்கு மேல் போகவேண்டாம், உலோகத்தில் வேண்டவே வேண்டாம். அதிக எடையுள்ள ஸ்ட்ரைக்கர் கையில் ஜோராக இருக்கும், ஆனால் காய்களின் விளிம்பையும் சட்டத்தையும் சேர்த்து அடித்து நொறுக்கும்.