காப்பு கழற்றிய மறுநாள்: குடிமீட்பில் விரதமும் கலைப்பயிற்சியும்

கார்த்திகை முதல் நாள் சபரிமலை விரதத்துக்காகத் துளசிமாலை போட்டுக்கொள்ளும் ஆண்களில் ஐப்பசி வரை அன்றாடம் குடித்தவர்களும் உண்டு. மாலை கழுத்தில் இருக்கும் வரை அவர்கள் மதுவைத் தொடுவதில்லை. மாலையைக் கழற்றிய சில நாட்களில் அவர்களில் பலர் பழைய இடத்துக்கே திரும்பிவிடுகிறார்கள் என்பதும் ஊரறிந்தது. நம்பிக்கையைப் போற்றுவோர் இதன் முற்பாதியை மட்டும் எடுத்துக்காட்டுகிறார்கள்; ஐயுறுவோர் பிற்பாதியை மட்டும். இரண்டையும் ஒருசேர விளக்காத எந்தக் கருத்தும் குடிமீட்புக்கு உதவாது. விரதம் குடியை நிறுத்தும் வலிமை உடையது, ஆனால் நிறுத்தியதை நிலைநிறுத்தும் கருவி அதனிடம் இல்லை. அந்த வேலையைச் செய்யக்கூடியது நாலு பேரோடு சேர்ந்து நாள்தோறும் பழகும் ஒரு கலை. அந்தக் கலையும் விரத நாட்களிலேயே தொடங்கிவிட்டால்தான் பயன் தரும் என்பது இக்கட்டுரையின் வாதம். குமராட்சி, காட்டுமன்னார்கோயில், சிதம்பரம் வட்டாரத்தின் விரத வழக்கங்களையும், பிற நாடுகளில் நடந்த ஆய்வுகளின் முடிவுகளையும் பக்கத்தில் வைத்து இதை நிறுவ முயல்கிறேன்.

சிக்கலின் அளவை முதலில் பார்த்துவிடலாம். 2019–21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 15 வயதுக்கு மேற்பட்ட ஆண்களில் 25.4 விழுக்காட்டினர் மது அருந்துபவர்கள். டாஸ்மாக் வழியாக அரசுக்கு 2023–24இல் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாயைத் தாண்டியது. எய்ம்ஸ் மருத்துவமனையின் பொறுப்பில் நடந்து 2019இல் வெளியான நாடளாவிய ஆய்வு இன்னொரு கணக்கைத் தருகிறது: மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேருக்கு ஒருவரே ஏதேனும் ஒரு சிகிச்சையோ உதவியோ பெறுகிறார், மருத்துவமனையில் தங்கிச் சிகிச்சை பெறுபவர் 180 பேருக்கு ஒருவர். மற்ற முப்பத்தேழு பேரும் எந்நாளும் குடித்துக்கொண்டே இருப்பதில்லை. சத்தியம் செய்கிறார்கள், கயிறு கட்டிக்கொள்கிறார்கள், மாலை போடுகிறார்கள், சில காலம் விடுகிறார்கள், மறுபடி தொடங்குகிறார்கள். மருத்துவம் எட்டாத இடத்தில் ஊர் வழக்கமே சிகிச்சையாக இயங்குகிறது. அதை ஆராயாமல் ஒதுக்கிவிடுவது அறிவியல் மனப்பான்மை ஆகாது.

விரதம் எப்படி வேலை செய்கிறது? தெய்வ பயம் என்ற விடை பாதி உண்மை. மீதிப் பாதியை மதுக்கடை வாசலில் பார்க்கலாம். குடியை விட்டுவிட்டேன் என்று ஒருவர் சொன்னால் கூட்டாளிகள் அதை நம்புவதில்லை. எத்தனை நாளைக்கு என்று கேட்டுச் சிரிப்பார்கள், ஒரு கட்டிங் மட்டும் போடு என்று கையைப் பிடித்து இழுப்பார்கள். ‘மாலை போட்டிருக்கேன்’ என்று சொன்னாலோ பேச்சு அதோடு முடிந்துவிடும். யாரும் வற்புறுத்த மாட்டார்கள். வற்புறுத்தினால் பாவம் அவர்கள் தலையில் என்று அவர்களே அஞ்சுவார்கள். குடியை மறுக்கத் தேவையான துணிவை அந்த மனிதர் தனக்குள்ளேயே தேட வேண்டியதில்லை. ஊர் அதைக் கடனாகத் தருகிறது. அதோடு, நேற்றுவரை குடிகாரன் என்று பேர் வாங்கியவரை மனைவி முதல் டீக்கடைக்காரர் வரை எல்லோரும் ‘சாமி’ என்று அழைக்கிறார்கள். உடை மாறுகிறது, படுக்கை தரைக்கு வருகிறது, விடியுமுன் குளிர்ந்த நீரில் குளியல். குடியோடு பிணைந்திருந்த அன்றாட வரிசை முழுவதும் ஒரே நாளில் கலைந்துபோகிறது. திரௌபதி அம்மன் கோயில்களில் தீமிதிக்குக் காப்புக் கட்டிக்கொள்பவர்களுக்கும் இதே நிலைதான். செஞ்சி வட்டாரத்தை மையமாக வைத்து இவ்வழிபாட்டை விரிவாக ஆராய்ந்த ஆல்ஃப் ஹில்டெபெய்டெலின் முதல் தொகுதி 1988இல் வெளிவந்தது. பாரதப் பிரசங்கமும் இரவுக் கூத்தும் தீமிதியும் ஒரே சடங்கின் பகுதிகளாகப் பின்னிக் கிடப்பதை அதில் காணலாம்.

ஆனால் காப்புக்கு ஒரு கெடு உண்டு. எப்போது கட்டுவது என்று குறித்த அன்றே எப்போது அவிழ்ப்பது என்பதும் குறிக்கப்பட்டுவிடுகிறது. கெடு இருப்பதால்தான் பலர் துணிந்து கட்டிக்கொள்கிறார்கள். ஆயுள் முழுவதும் என்றால் அஞ்சுகிற மனம் 48 நாள் என்றால் ஒத்துக்கொள்ளும். விரதத்தின் வலிமைக்கும் அதன் குறைக்கும் மூலம் இதுவே. மாலை கழற்றப்பட்டதும் கடனாக வந்தவை எல்லாம் ஒருசேரத் திரும்பிப் போகின்றன: மறுக்கும் உரிமை, சாமி என்ற பேர், விடியற்காலைக் குளியல், மாலைநேரக் கூட்டம். கடைசியாகச் சொன்னதே முதன்மையானது என்பது என் கணிப்பு. டாஸ்மாக் கடை பகல் 12 மணிக்குத் திறந்து இரவு 10 மணிக்கு மூடுகிறது. நடவும் அறுப்பும் முடிந்து கூலி கைக்கு வந்து, உடம்பு வலியோடு மனிதர் வீடு திரும்பும் ஆறு மணி முதல் ஒன்பது மணி வரையான பொழுதுக்குத்தான் உண்மையான போட்டி. விரத நாட்களில் அந்தப் பொழுதை பஜனை எடுத்துக்கொள்கிறது. ஒரு வீட்டில் விளக்கேற்றி, ஆர்மோனியம், கஞ்சிரா, ஜால்ராவோடு இரண்டு மணி நேரம் பாடுகிறார்கள். மலைக்குப் போய்த் திரும்பியதும் பஜனையும் நின்றுவிடுகிறது. விரதம் தோற்றது என்று நாம் சொல்லும்போது, பெரும்பாலும் பஜனை நின்றதைத்தான் குறிப்பிடாமல் விட்டுவிடுகிறோம்.

இந்தக் கணிப்புக்கு வெளியிலிருந்து வலுவான சான்று உண்டு. 1973இல் அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தில் ஹன்ட், அஸ்ரின் என்னும் இரு உளவியலாளர்கள் பதினாறே குடிநோயாளர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பாதிப் பேருக்கு வழக்கமான மருத்துவமனைச் சிகிச்சை. மற்றவர்களுக்கு அதோடு வேலை தேடித் தருவது, குடும்ப உறவைச் சீராக்குவது, மாலையில் கூடிக்களிக்க ஓர் இடம் அமைப்பது. அந்த இடம் முன்பு சாராயக்கடையாக இருந்த ஒரு கட்டடம். மதுவில்லாத மன்றமாக அதை மாற்றினார்கள். வழக்கமான சிகிச்சை பெற்றோர் பிந்தைய மாதங்களில் 79 விழுக்காட்டு நாட்கள் குடித்தார்கள். மற்றவர்கள் 14 விழுக்காட்டு நாட்கள். சோதனை சிறியது, அதன் எண்களை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவர முடியாது. ஆனால் குடித்துக் கழித்த பொழுதுக்கு வேறொரு இன்பம் வந்து அமராவிட்டால் மனவுறுதி தாங்காது என்ற அதன் அடிப்படை பின்வந்த ஆய்வுகளிலும் நிலைத்தது. 1935இல் தோன்றிய ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் இயக்கம் இறைநம்பிக்கையை வெளிப்படையாக முன்வைப்பது. 27 ஆய்வுகளை, 10,565 பேரின் தரவுகளைத் தொகுத்த கோக்ரேன் என்னும் மருத்துவச் சான்றுத் தொகுப்பு அமைப்பின் 2020ஆம் ஆண்டு மதிப்பீடு, அவ்வியக்கத்தோடு நோயாளரை இணைக்கும் முறையான சிகிச்சைகளில் ஓராண்டு முடிவில் 42 விழுக்காட்டினர் முற்றாக விட்டிருந்தார்கள் என்றும், பிற உளவியல் சிகிச்சைகளில் 35 விழுக்காட்டினரே என்றும் கண்டது. அந்த மதிப்பீட்டின் முதல் ஆசிரியர் ஜான் கெல்லி முன்னர் நடத்திய ஆய்வுகளின்படி, பயன் பெரும்பாலும் கூட்டாளிகள் மாறுவதாலும் தன்னால் முடியும் என்ற தெம்பு கூடுவதாலும் விளைகிறது. ஆன்மிக உணர்வின் பங்கு கடுமையாகக் குடித்தவர்களிடம் கூடுதலாகத் தெரிகிறது. நம்பிக்கை வாசலைத் திறக்கிறது, உள்ளே உட்காரவைப்பது கூட்டம் என்று இதைப் படிக்கலாம்.

கலை ஏன் வேண்டும், வெறும் கூட்டம் போதாதா என்று கேட்கலாம். சீட்டாட்டக் கூட்டமும் கூட்டம்தான், அது எங்கே போய் முடியும் என்பதை விளக்க வேண்டியதில்லை. கலைப்பயிற்சிக்கு வேறெதற்கும் இல்லாத மூன்று இயல்புகள் இருக்கின்றன. கை நடுங்கினால் மிருதங்கத்தில் சொற்கட்டு விழாது. குடியின் விலை உடனே காதில் கேட்டுவிடும். தேர்ச்சி நாளுக்கு நாள் கூடுவதால், நேற்றைவிட இன்று நன்றாக வந்தது என்ற மகிழ்ச்சி குடியைப் போலவே திரும்பத் திரும்பக் கிடைக்கும். தாளக்காரர் வராவிட்டால் பாட்டே நடக்காது என்பதால் வராதவரை வீட்டுக்கே தேடி வருவார்கள். இசைச் சிகிச்சை பற்றிய 2022ஆம் ஆண்டுக் கோக்ரேன் மதிப்பீடு இங்கே ஓர் எச்சரிக்கையையும் தருகிறது. வழக்கமான சிகிச்சையோடு சேரும்போது இசை வேட்கையைத் தணிக்கிறது. ஆனால் நோயாளரைச் சிகிச்சையில் நீடிக்கச் செய்கிறது என்பதற்குத் தெளிவான சான்று இல்லை. அந்தச் சோதனைகளில் பலவற்றில் இசை ஓரிரு அமர்வுகளோடு முடிந்தது. மருத்துவமனைக்கு உள்ளே நடந்தது. கேட்பவராகவோ சிறிது நேரம் பங்கேற்பவராகவோ நோயாளர் இருந்தார். ஆண்டுக்கணக்கில் ஊரில் நடக்கும் பயிற்சியைப் பற்றி அவை பேசவில்லை.

அப்படியென்றால் கூத்துக் கலைஞர்களும் மேளக்காரர்களும் ஏன் குடிக்கிறார்கள்? இதுதான் என் வாதத்துக்கு எதிரான கடினமான கேள்வி. விடை, கலை பொழுதுபோக்காக இருப்பதற்கும் பிழைப்பாக இருப்பதற்கும் உள்ள வேறுபாட்டில் இருக்கிறது. தொழில்முறைக் கூத்தாடி இரவு முழுக்க விழிக்கிறார், தொண்டையும் காலும் வலிக்கின்றன, ஊர் ஊராக அலைகிறார், சம்பளத்தோடு சாராயமும் உபசாரமாக வருகிறது. அவருக்குக் கலையே உழைப்பு. உழைப்பின் வலிக்குக் குடி மருந்தாகிறது. வயல்வேலை முடித்து வந்து பாடுபவருக்கு நிலை நேர்மாறானது. ஆகவே குடிமீட்பு என்ற பெயரில் ஒருவரைக் கலைஞராக்கிக் கச்சேரிக்கு அனுப்புவது ஆபத்து. பயிற்சி பயிற்சியாகவே இருக்கட்டும். இதையொட்டி இன்னொரு மறுப்பும் உண்டு: முனீஸ்வரனுக்கும் கருப்பனுக்கும் சாராயமும் சுருட்டும் படைக்கிற நாட்டில் நம்பிக்கை எப்படி மதுவுக்கு எதிரியாகும்? ஆகாதுதான். நம்பிக்கை தன்னளவில் குடியை எதிர்ப்பதுமில்லை, ஆதரிப்பதுமில்லை. காப்பு, மாலை, சத்தியம் என்ற வடிவங்களே எதிர்க்கின்றன. நிறுத்த முடிந்தவர்கள்தான் மாலை போடுகிறார்கள், மாலையால் நிறுத்தவில்லை என்ற மறுப்பில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் அதே மனிதர் ஐப்பசியில் ஏன் நிறுத்தவில்லை என்பதற்கு அந்த மறுப்பிடம் விடை இல்லை.

ஓர் இடத்தில் நம்பிக்கை கட்டாயம் மருத்துவத்துக்கு வழிவிட வேண்டும். ஆண்டுக்கணக்கில் தினமும் மிகுதியாகக் குடித்தவர் மாலை போட்ட அன்றே முற்றாக நிறுத்தினால், முதல் நாளில் கைநடுக்கமும் வியர்வையும், இரண்டு மூன்று நாட்களில் வலிப்பும் சன்னியும் வரலாம். கவனிக்காவிட்டால் உயிர் போகலாம். சாமி வந்துவிட்டது என்று வீட்டார் கருதிக் காத்திருந்தால் காலம் கடந்துவிடும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் தயமின் ஊசியும் சில நாள் மருந்தும் பெற்று, தேவைப்பட்டால் அண்ணாமலைநகரில் உள்ள கடலூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தங்கி, அதன்பின் மாலை போட்டால் எந்தச் சாமியும் கோபிக்காது. நோயாளரைக் கோயிலிலோ தர்காவிலோ ஒப்படைத்துவிட்டுப் போகும் வழக்கம் எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு, 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளர் 28 பேர் தீயில் மாண்டது சாட்சி.

யாருடைய பஜனை மடம் என்ற கேள்வியையும் தவிர்க்க முடியாது. ஆதனூர் நந்தனாரின் கதை பிறந்த மண் இது. தில்லைக் கோயில் வாசலில் யார் நிற்கலாம் என்பது இங்கே நூற்றாண்டுகளாக வழக்காக இருந்தது. தெருவே பிரிந்து கிடக்கும் ஊரில் கோயிலை மையமாக வைத்த குடிமீட்பு, கூலிக்காரரில் பெரும்பகுதியை வெளியே நிறுத்திவிடும். இதற்கு ஒரு முன்மாதிரியும் இந்த மண்ணிலேயே உண்டு. ஒடுக்கப்பட்டவர்களின் கல்விக்காக 1916இல் சிதம்பரத்தில் நந்தனார் பெயரில் கழகம் கண்ட சுவாமி சகஜானந்தர், வாசல் திறக்கட்டும் என்று காத்திராமல் தம் மக்களுக்கான நிறுவனத்தைத் தாமே கட்டினார். குடிமீட்புக் கூட்டமும் அந்தந்தத் தெருவில், அவரவர் தெய்வத்தோடு, பறையோ கோலாட்டமோ மாதா பாட்டோ எது கைக்குப் பழகியதோ அதோடு தொடங்க வேண்டும்.

மருத்துவத்தை ஊருக்குள் கொண்டுபோவது புதிதல்ல. 1980இல் சாந்தி ரங்கநாதன் சென்னையில் தொடங்கிய டி.டி.கே. மருத்துவமனை, அன்றைய தஞ்சை மாவட்டத்து மஞ்சக்குடியில் நடத்திய குடிமீட்பு முகாம் பற்றிய கட்டுரை 1994இல் பன்னாட்டு ஆய்விதழில் வெளியானது. நோயாளரை நகரத்துக்கு அழைக்காமல், உள்ளூர் நிறுவனத்தின் துணையோடு கிராமத்திலேயே தங்கவைத்துச் சிகிச்சை தந்து, குடும்பத்தையும் சேர்த்து, பின்னரும் தொடர்ந்து கவனிப்பது அதன் முறை. இந்த முறையோடு விரத நாட்காட்டியை இணைத்தவர் யாரென்று தேடவேண்டியிருக்கிறது. கார்த்திகையில் மாலை போடுவோரை முன்பே சுகாதார நிலையத்தில் பதிந்து, விரதத்தின் முதல் வாரமே ஒரு வாத்தியமோ கூத்துப் பாத்திரமோ பழகத் தொடங்கவைத்து, தை முதல் சித்திரை வரை அதே வீட்டில் அதே நேரத்தில் கூட்டம் நடத்தினால் அதற்கு ஆகும் செலவு அதிகமில்லை. பஜனை நின்ற ஊரையும் நிற்காத ஊரையும் மாலை கழற்றிய மூன்றாம் மாதத்தில் ஒப்பிட்டால் என் வாதம் நிற்கிறதா விழுகிறதா என்று தெரிந்துவிடும். கணக்கெடுப்பவர் அந்த ஆண்களை மட்டும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூடாது. கூலியில் எவ்வளவு வீடு வந்து சேர்ந்தது என்பதை மனைவியரிடம் தனியாகக் கேட்க வேண்டும்.