அரல்வாய்மொழியில் நிற்கும் சின்னக் காற்றாலைகள்



போன வாரம் ஒரு பழைய மாணவன் குடும்பத்தோடு நாகர்கோவிலுக்குக் காரில் போயிருக்கிறான். முப்பந்தல் பக்கம் வண்டியை நிறுத்தி, "சார், ஆடி மாசக் காத்து ஆளையே தள்ளுது. பெரிய காற்றாலை எல்லாம் சுத்துது, பக்கத்துல சின்னது பல சும்மா நிக்குது. ஏன் சார்?" என்று போனில் கேட்டான். அப்போது இரண்டு வரியில் ஏதோ சொல்லி வைத்துவிட்டேன். அதற்குள் நாற்பது வருஷக் கதை இருக்கிறது. உங்கள் எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

எண்ணெய் விலை ஏறிய எழுபதுகளுக்குப் பிறகு, மத்திய அரசு 1982இல் மரபுசாரா எரிசக்திக்கென்று தனித் துறை ஒன்றைத் தொடங்கியது. காற்றாலை வைக்குமுன் காற்றை அளந்தாக வேண்டும். அந்த வேலையை முன்னின்று நடத்தியவர் அன்னா மணி. பீர்மேட்டில் 1918இல் பிறந்தவர், சர் சி.வி.ராமனிடம் ஆய்வு செய்தவர், வானிலைத் துறையில் பெரிய பொறுப்பில் இருந்து 1976இல் ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகுதான் நாடு முழுவதும் காற்றின் வேகத்தைக் கணக்கெடுக்கும் பணியில் இறங்கினார். பெங்களூரில் கருவி செய்யும் சிறு பட்டறையும் நடத்தினார். (ஓய்வு பெற்றவர்களைச் சும்மா உட்கார்ந்திருப்பவர்கள் என்று நினைக்கும் என் மருமக்கள் கவனிக்கவும்!)

அளப்பது ஏன் அவ்வளவு முக்கியம்? காற்றில் உள்ள சக்தி வேகத்தின் முப்படிக்கு ஏற்பக் கூடும். வேகம் இரண்டு மடங்கானால் சக்தி எட்டு மடங்கு. பாலக்காடு, செங்கோட்டை, அரல்வாய்மொழிக் கணவாய்களில் தென்மேற்குப் பருவக்காற்று நெருக்கிக்கொண்டு நுழைகிறது. அங்கே கிடைக்கும் ஒரு ஏக்கர், வேறு இடத்தில் பல ஏக்கருக்குச் சமம். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் தேவைப்படும்.

1986இல் தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் அரசுச் செலவில் மாதிரிக் காற்றாலைகள் வந்தன. ஒவ்வொன்றும் 55 கிலோவாட். அவை ஓடிக் காட்டின. ஆனாலும் தனியார் பணம் போட முன்வர வேண்டுமே! அதற்கு அரசு பிடித்த வழி வருமான வரி. காற்றாலைக்குப் போட்ட முதல் முழுவதையும் முதல் வருஷமே தேய்மானமாகக் கழித்துக்கொள்ளலாம் என்றது. ஒரு நூற்பாலைக்கு ஒரு கோடி லாபம், அதே ஒரு கோடிக்குக் காற்றாலை வாங்கிவிட்டால் அந்த வருஷம் அந்த லாபத்துக்கு வரி கிடையாது. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கம்பெனி வரி லாபத்தில் பாதியை ஒட்டி இருந்தது. அப்படியென்றால் காற்றாலை விலையில் ஏறக்குறைய பாதியை அரசே கொடுத்த மாதிரி. மின்வாரியங்கள் யூனிட்டுக்கு 2 ரூபாய் 25 காசு கொடுத்து, ஆண்டுக்கு 5 சதவீதம் ஏற்றித் தர வேண்டும் என்று 1993இல் மத்திய அரசு வழிகாட்டியது. தமிழ்நாட்டு மின்வாரியம் இன்னும் ஒரு வசதி செய்தது. காற்றுக் காலத்தில் ஓடிய யூனிட்டை வங்கியில் போடுவதுபோல் போட்டு வைத்து, மற்ற மாதங்களில் ஆலைக்கு எடுத்துக்கொள்ளலாம். கோவை, திருப்பூர், ராஜபாளையம் மில்காரர்கள் விடுவார்களா? முப்பந்தல் காடாக நிறைந்தது.

இங்கேதான் என் குறை. பணம் காற்றாலையை நட்டதற்குக் கிடைத்தது, அது சுற்றியதற்கு அல்ல. நட்டு முடித்த அன்றே வரி மிச்சமாகிவிட்டால், பத்தாவது வருஷம் இறக்கை பழுதானதை யார் அவசரமாகப் பார்ப்பார்கள்? 1996 வாக்கில் வரி விகிதம் குறைந்தது, குறைந்தபட்ச வரி ஒன்றும் வந்தது. உடனே காற்றாலை நடுவதும் படுத்துவிட்டது. காற்று எப்போதும்போல் அடித்துக்கொண்டுதான் இருந்தது.

டில்லிக்கும் இது புரியாமல் இல்லை. தேய்மானத்தை 80 சதவீதமாக்கினார்கள். 2009 டிசம்பரில், தேய்மானச் சலுகை வேண்டாம் என்பவர்களுக்கு உற்பத்தியாகும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 50 காசு என்று அறிவித்தார்கள். நல்ல திட்டம். ஆனால் 2012 ஏப்ரலில் இரண்டு சலுகையையும் ஒன்றாக நிறுத்தினார்கள். முந்தைய ஆண்டு நாட்டில் சுமார் 3,200 மெகாவாட் நட்ட இடத்தில் அடுத்த ஆண்டு 1,700தான். பிறகு 2013இல் ஒன்றையும் 2014இல் மற்றொன்றையும் திருப்பிக் கொடுத்தார்கள்.

அந்த 2012 உங்களுக்கு மறந்திருக்காது. பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் கரண்ட் இல்லை. மெழுகுவத்தியில் பரீட்சைக்குப் படித்தவர்கள் இதைப் படிக்கும் உங்களில் இருக்கிறீர்கள். இந்தியாவிலேயே அதிகக் காற்றாலை இருந்த மாநிலம் நம்முடையது. காற்று வேகமாக அடிக்கும் மாதங்களில் வரும் மின்சாரம் முழுவதையும் கொண்டுபோகக் கம்பி போதாமல், ஓடும் ஆலைகளை நிறுத்தச் சொன்ன நாட்களும் உண்டு. ஆலை நட வரிச் சலுகை இருந்தது, கம்பி இழுக்க அந்த வேகத்தில் பணம் வரவில்லை. பசுமை மின் வழித்தடம் என்று எட்டு மாநிலங்களுக்கு 10,141 கோடி ரூபாய்த் திட்டம் 2015இல்தான் வந்தது. மத்திய அரசு மானியம் 40 சதவீதம், ஜெர்மன் வங்கிக் கடன் 40 சதவீதம், மீதி மாநிலம்.

2017இல் ஏல முறை வந்தது. பிப்ரவரியில் யூனிட் 3 ரூபாய் 46 காசு, அந்த டிசம்பரிலேயே குஜராத்தில் 2 ரூபாய் 43 காசு. மின்சாரம் வாங்குபவருக்கு லாபம். ஆனால் இரண்டு மூன்று காற்றாலை வைத்திருக்கும் சிறு மில்காரர் அந்த ஏலத்தில் நிற்க முடியாது. பெரிய கம்பெனிகளின் பார்வை குஜராத் பக்கம் திரும்பியது. இன்று நம் மாநிலத்தில் 10,000 மெகாவாட்டுக்கு மேல் இருந்தும் முதலிடம் குஜராத்துக்குப் போய்விட்டது.

இப்போது மாணவனின் கேள்விக்கு வருகிறேன். அவன் பார்த்த சின்ன ஆலைகள் தொண்ணூறுகளில் நட்டவை, 200, 250 கிலோவாட் ரகம். இன்றைய ஒரு ஆலை 2,000, 3,000 கிலோவாட் தரும், அதுவும் உயரக் காற்றில். நாட்டிலேயே நல்ல காற்று வீசும் நிலத்தைப் பழைய ஆலைகள் பிடித்துக்கொண்டு நிற்கின்றன. பிடுங்கிவிட்டுப் புதிது நட 2016இல் மத்திய அரசும், 2024இல் நம் மாநில அரசும் கொள்கை வகுத்தன. சிக்கல் என்னவென்றால், பெரிய ஆலைக்கு இடைவெளி அதிகம் வேண்டும், பக்கத்து நிலம் வேறொருவருடையது. யூனிட்டைச் சேமித்து வைக்கும் பழைய சலுகை போய்விடுமோ என்ற பயம் வேறு. வரியில் எடுக்க வேண்டியதை எப்போதோ எடுத்தாயிற்று, கிடைத்தவரை ஓடட்டும் என்று இருக்கிறார்கள்.

மில்லிலும் மின்வாரியத்திலும் வேலை பார்க்கும் மாணவர்கள் உண்டு. நான் எங்காவது பிசகியிருந்தால் கீழே எழுதுங்கள்ப்பா, திருத்திவிடுகிறேன்.