நேரக்குறி அறுந்த நாடா

கல்முனைக் கரையோரத்தின் அண்மைக்கால வரலாற்றை எழுத முனைபவர், பள்ளிவாசல் பதிவேடுகளையும் பழைய பத்திரிகைக் கோவைகளையும் மட்டும் புரட்டினாற் போதாது. கலியாண வீடியோக்காரர்களின் அலுமாரிகளையும் திறந்து பார்க்கவேண்டும். மருதமுனையிலிருந்து அக்கரைப்பற்று வரை எங்கள் ஊர்களின் முகங்கள் அந்த நாடாக்களில்தான் கிடக்கின்றன.

இலங்கைக்குத் தொலைக்காட்சி வந்தது 1979 ஏப்ரல் 13இல். தனியார் முயற்சியாகத் தொடங்கிய அந்நிலையத்தை அதே ஆண்டில் அரசு பொறுப்பேற்றது. 1982 பெப்ரவரி 15இல், ஜப்பானிய உதவியுடன், ரூபவாகினி ஒளிபரப்பைத் தொடங்கியது. பிதுருதலாகல மலையுச்சியில் கோபுரம் எழுந்தது. கோபுரத்தோடு சட்டதிட்டங்களும் வந்தன. நாம் கைக்கொண்ட பால் முறையில், படத்தின் வெண்மை 0.7 வோல்ற்றைத் தாண்டலாகாது. இதனை வீண் கெடுபிடி என்று எண்ணிவிடவேண்டாம். அந்த முறையில் வெண்மை கூடக்கூட ஊர்தி அலையின் வலு குறையும். எல்லை மீறினால் அலை அறுந்து, வீட்டுப் பெட்டியில் இரைச்சல் கேட்கும். ஒளிபரப்புக்கு முன் ஒருவர் அமர்ந்து ஒவ்வொரு நாடாவையும் சோதிப்பதற்கு அத்தகைய நியாயங்கள் இருந்தன.

படத்தின் தரத்துக்கு மதிப்பெண் இடும் வழக்கமும் அனைத்துலகப் பரிந்துரையாக 1974 முதல் உண்டு. குறை கண்ணுக்குப் புலப்படாவிடில் 5, புலப்பட்டும் உறுத்தாவிடில் 4, சற்றே உறுத்தினால் 3, உறுத்தினால் 2, மிகவும் உறுத்தினால் 1. எது உறுத்துகிறது என்பதற்கு அந்த அளவுகோலில் இடமில்லை.

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை. சாய்ந்தமருதைச் சேர்ந்த வீடியோக்காரர் ஒருவர், கலியாண வீடொன்றுக்காகக் கமராவுடன் புறப்பட்ட வேளையில் கடல் வந்தது. அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோரை அன்று இழந்தோம். இலங்கையில் மிகுதியான உயிர்களைப் பறிகொடுத்த மாவட்டம் அதுவே. அவர் சில நிமிடங்கள் படம்பிடித்தார். பின்னர் நாடாவைக் கழற்றிச் சட்டைப்பைக்குள் திணித்துக்கொண்டு, கமராவை மதிலின்மேல் வைத்துவிட்டு, நீரில் இறங்கினார். கமரா போயிற்று. இரவற் கமராவொன்றில் அதே நாடாவை இட்டு, மறுநாள் ஜனாஸாக்களை எடுத்துச் சென்றதைப் பதிவுசெய்தார்.

ஓராண்டு நினைவு நிகழ்ச்சிக்காக அந்நாடாவைக் கொழும்பிலுள்ள ஒரு தொலைக்காட்சி நிலையத்துக்குக் கொண்டுசென்றபோது நானும் உடன் சென்றேன். இரவுப் பேருந்தில் நாடாவை மடியிலிருந்து அவர் இறக்கவேயில்லை. இரண்டு வாரங்களில் அது திரும்பி வந்தது, ஒரு தாளுடன். வெண்மை எல்லை மீறியுள்ளது. ஒலி சிதைந்துள்ளது, பேச்சு தெளிவில்லை. நேரக்குறி ஓரிடத்தில் அறுந்து மீண்டும் பூச்சியத்திலிருந்து தொடங்குகிறது. மதிப்பெண் 2. ஒளிபரப்புக்கு உகந்ததன்று.

தாளில் பொய் எதுவும் இல்லை. கிழக்குக் கரையில் காலை ஒன்பது மணியளவில் கடலை நோக்கிக் கமராவைப் பிடிப்பவர் சூரியனை நோக்கியே பிடிக்கின்றார். வெண்மை மீறாமல் என்ன செய்யும்? தெளிவில்லாத பேச்சு, ஒரு தாய் "மனே, மனே" என்று கூவியது. நேரக்குறி அறுந்த இடம், அவர் நீரில் இறங்கிய இடம்.

"சேர், திருப்பி எடுத்துத் தரச் சொல்லுறாங்களா?" என்று அவர் என்னிடம் கேட்டார். பரிகாசமாகக் கேட்கவில்லை.

சோதித்தவரை நான் குறைசொல்ல மாட்டேன். அவர் முன்னால் அலைவடிவங்காட்டி இருந்தது, ஊர் இருக்கவில்லை. செய்திப் பிரிவுக்குப் போயிருந்தால், இதே நாடா வேறு விதிக்கு உட்பட்டிருக்கும். வேறு எவரிடமும் இல்லாத காட்சி என்றால், தரம் குறைந்ததாயினும் ஆசிரியர் பொறுப்பில் ஏற்றுக்கொள்வது உலகெங்கும் உள்ள நடைமுறை. நாங்களோ நிகழ்ச்சிப் பிரிவின் கதவைத் தட்டினோம். அந்த வேறுபாட்டை அறிந்திருக்கவேண்டியவன் நான். அத்தனை ஆண்டுகள் பத்திரிகையில் இருந்தும் அது எனக்குத் தோன்றவில்லை. வெண்மையை அடக்கும் கருவி தொகுப்பறைகளில் உண்டு. அரைநாள் வேலை. அதற்குக் கூலி கொடுக்க அவரிடம் அன்று கூரையே இல்லை.

நாடாவையும் தாளையும் ஒரு பிஸ்கட் தகரத்தில் இட்டுவைத்தார். கடற்காற்று காந்த நாடாவுக்குப் பகை. அண்மையில் அவரிடம் சென்றிருந்தேன். தகரத்தைத் திறந்தபோது நாடாவில் வெண்பூஞ்சணம் படர்ந்திருந்தது. ஓட்ட முயன்றால் அறுந்துவிடும் என்றார்.

தாள் மட்டும் மங்காமல் இருந்தது. எத்தனையாவது நிமிடத்தில் படம் அதிர்கிறது, எத்தனையாவது விநாடியில் ஒலி சிதைகிறது, எங்கே குறி அறுகிறது என்று வரிசையாக எழுதியிருந்தார் அந்த முகமறியாத சோதனையாளர். ஒவ்வொரு வரியிலும் விரலை வைத்து, அங்கே யார் நின்றார், எந்த வீடு இருந்தது என்று அவர் எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தார். நான் குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டேன்.