பாட்டுக்குள் இருந்த முகவரி
மிசிசிப்பி ஜான் ஹர்ட் என்ற கறுப்பினப் பாடகர் 1928-ல் ஓகே கம்பெனிக்காகப் பதிந்த ப்ளூஸ் இசைத்தட்டுகள் சரியாக விற்கவில்லை. மனுஷன் ஊருக்குத் திரும்பி விவசாய வேலைக்கே போய்விட்டார். நியூயார்க்கில் பதிந்த ‘அவலான் ப்ளூஸ்’ பாட்டில் மட்டும் தன் ஊர் அவலான் என்று சொல்லி வைத்திருந்தார். 1963-ல் டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞர் அதைப் பிடித்துக்கொண்டு மிசிசிப்பிக்குப் போனார். ஆள் அங்கேயேதான் இருந்தார்!

அதற்கப்புறம் பதிந்தவை தெளிவாக இருக்கும். ஆனாலும் முதலில் 1928 பதிவுகளைக் கேளுங்க. கட்டைவிரல் தடித்த கம்பிகளில் மாறி மாறித் தாளம் போட, மற்ற விரல்கள் மெல்லிய கம்பிகளில் மெட்டை வாசிக்கும். ரெண்டு கிட்டார் என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். குரலோ, பக்கத்தில் உட்கார்ந்து பேசுகிற மாதிரி. ‘ஃப்ராங்கி’யில் ஆரம்பிக்கலாம்.